பர்மா அட்டைக்கு எடுத்த போட்டோ

என் தலைமுடியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வருகிறது. "இந்த வயசுலயும் இன்னா முடி உனக்கு!" என்று பக்கத்து வீட்டுக்காரி போன வாரம் மெச்சினாள். எழுந்து உள்ளே போய்விட்டேன். அவளுக்கு என்ன தெரியும், பாவம். இந்த முடி ஒரு சமயம் என் தலையில் இல்லாமல் போனதால்தான் நான் செஞ்சியிலேயே கிடந்து கிழவியானேன்.

கல்யாணமான மறு வருஷமே அவர் என்னை ரங்கூனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரிசி மில்லில் மூட்டைக் கணக்கு எழுதுகிற வேலை. மூட்டையின் மேலேயே தாளை வைத்து நின்றபடி எழுதிப் பழகியவர் என்பதால் அவர் எழுத்து இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். எனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை. மழை பெய்தால் தெருவும் அறையும் ஒன்றாகிவிடும். ஆனாலும் நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன். மறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

அப்போது என் பின்னல் முழங்காலைத் தொடும். சந்தைக்குப் போனால் கூட்டத்தில் நான் எங்கேயாவது தவறிப் போவேன். அவர் சிரித்துக்கொண்டே வந்து பின்னலைப் பிடித்து இழுப்பார். "உன் மூஞ்சியைத் தேடிக்கினு நான் திரிய மாட்டேன். பின்னலைப் பார்த்தாப் போதும்" என்பார். எனக்கு அது பெருமையாக இருந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயமா என்று அப்போது யோசிக்கவில்லை.

ஜப்பான்காரன் ரங்கூன் மேல் குண்டு போட்டபோது எங்கள் பெண் கைக்குழந்தை. மில் முதலாளி கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னதால் அவரால் கிளம்ப முடியவில்லை. என்னையும் குழந்தையையும் மட்டும் அடித்துப் பிடித்துக் கப்பலில் ஏற்றிவிட்டார். "அடுத்த கப்பல்ல வந்துடறேன்" என்றார். அடுத்த கப்பல் வந்ததோ இல்லையோ, அவர் வரவில்லை.

மதராஸ் துறைமுகத்தில் இறங்கியவர்களுக்கெல்லாம் ஓர் அட்டை கொடுத்தார்கள். என் பெயர், அவர் பெயர், ஊர், கப்பல், பர்மாவில் குடியிருந்தவள் என்று ஒரு வரி, ஒரு முத்திரை. போட்டோ கிடையாது, ரேகை கிடையாது. அத்தனை கூட்டத்தில் ஒவ்வொருத்தியின் கட்டை விரலையும் பிடித்து உருட்ட யாருக்கு நேரம் இருந்தது? எங்கள் பக்கம் அதைப் பர்மா அட்டை என்பார்கள். நான் அதை என் கூறைப்புடவையில் சுற்றி, அம்மா வீட்டு மரப்பெட்டியின் அடியில் வைத்தேன். என்னைப் பெற்ற நைனா முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அம்மாவும் அண்ணனும்தான். அண்ணன் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றுகிற வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

சண்டை முடிகிற வரைக்கும் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தெருவில் பாதிப் பேர் என் நெற்றியைப் பார்த்துத்தான் பேசுவார்கள், குங்குமம் இருக்கிறதா என்று. நான் வேண்டுமென்றே பெரிதாக இட்டுக்கொள்வேன். பிறகு ஒரு நாள் கடிதாசி வந்தது. சாய்ந்த எழுத்து. பிரிக்காமலே அழுதேன். உயிரோடு இருக்கிறார், மில் மறுபடி ஓடுகிறது, அதே அறைதான். "நீ குழந்தையோடு வந்துவிடு. நான் கிளம்பி வந்தால் என்னைத் திரும்ப உள்ளே விடுவார்கள் என்பது நிச்சயமில்லை. உன்னிடம் அட்டை இருக்கிறது, அதைக் காட்டினால் விடுவார்கள்" என்று எழுதியிருந்தார்.

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். கரையான் புடவையில் பாதியைத் தின்றிருந்தது. அட்டையை முழுசாகத் தின்றிருந்தது. கையில் எடுத்தால் மண்ணாக உதிர்ந்தது. நான் பெட்டியைத் தூக்கி வாசலில் எறிந்தேன்.

தாலுகா கச்சேரிக்கு எதிரே புளியமரத்தடியில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பார். அட்டை போனால் மாற்று அட்டை வாங்கலாம் என்று அவர்தான் சொன்னார். அதோடு நிற்காமல் சட்டத்தையும் விளக்கினார்.

"உம் புருசன் அங்க குடியிருக்கிறான், அதனால உனக்கும் அங்க குடியிருக்கற உரிமை இருக்குது. ஆனா அவன் அங்கிருந்து கெளம்பிட்டான்னு வையி, அவனுக்கும் இல்ல, உனக்கும் இல்ல. பர்மாவுக்கும் சொதந்திரம் வரப் போவுது. அப்புறம் என்ன சட்டம் போடுவானோ. அதுக்குள்ள போய்ச் சேந்துடு."

"நான் அங்க குடித்தனம் பண்ணினவ. எம் பொண்ணு அங்கதான் பொறந்தா. அப்புறம் எதுக்கு அட்டை?" என்று கேட்டேன்.

"அதை யார் சொல்றது? நீதான சொல்ற?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தலைக்கு மேலே ராஜகிரிக் கோட்டை தெரிந்தது. அந்தக் கோட்டைக்குள் யார் யாரோ வந்து குடியிருந்துவிட்டுப் போனார்கள். எவன் கையில் அட்டை இருந்தது? எனக்கு ஒற்றை அறை, அதற்கு இத்தனை கேள்வி. இதையெல்லாம் அவரிடம் சொல்லி என்ன பயன்? மனுவில் கைநாட்டு வைக்கச் சொன்னார். எனக்குக் கையெழுத்தே போடத் தெரியும் என்று சொல்லிப் போட்டேன்.

மனு போன பிறகு நான் மனுஷியாகவே இல்லை. அடுப்பில் சோறு தீயும், நான் தபால்காரர் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்களோடு கப்பலில் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போகிறார்கள் என்று கேள்விப்படும்போது உடனே புளியமரத்தடிக்கு ஓடுவேன். ஒரு அமாவாசைக்கு அம்மா என்னை மேல்மலையனூர் கூட்டிப்போனாள். அங்காளம்மன் சன்னதியில் நின்று நானே வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். "ஆத்தா, அட்டை கைக்கு வரட்டும். என் முடியை உனக்குத் தர்றேன்." என்னிடம் அதைவிடப் பெரிதாகக் கொடுக்க வேறு எதுவும் இல்லை.

நோட்டீஸ் வந்தது. மனு எழுதுகிறவர் படித்துவிட்டுத் தொடையைத் தட்டினார். "உன் மனுவை ஏத்துக்கிட்டாங்கம்மா. ரெண்டு போட்டோ எடுத்துக்கினு மதராசுக்கு நேர்ல வரச் சொல்றாங்க. ஆச்சு, இனிமே கப்பல்தான்."

வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. அண்ணன் வெல்லம் வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். அம்மாதான் முதலில் வேண்டுதலை ஞாபகப்படுத்தினாள்.

"மதராசுக்குப் போற நாளுக்கு முன்னாடியே அமாவாசை வருது. முடி எறக்கிட்டுத்தான் நீ போவணும்."

"அட்டை கைக்கு வரட்டுமே" என்றேன்.

"வந்தப்புறம் நீ கப்பல் ஏறிடுவ. பர்மாவுலேர்ந்து மலையனூருக்கு நடந்து வருவியா? ஆத்தாவுக்குச் சொன்னதைக் குடுக்காம கடல் தாண்டறவ கரை சேருவாளா?"

எங்கள் பக்கத்தில் யாரும் இதற்கு மறுபேச்சுப் பேசமாட்டார்கள். நானும் பேசவில்லை. ஆத்தா கேட்டதைக் கொடுத்துவிட்டாள், நாம் கொடுக்கவில்லை என்றால் அவள் சும்மா இருப்பாளா? மலையனூருக்கு மாட்டு வண்டியில் போனோம். ஏகப்பட்ட கூட்டம். நாவிதர் என் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்து, "மனசு வருதாம்மா?" என்று கேட்டார். வெட்டுங்கள் என்றேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு குளிர்ந்த மனசோடு வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என் பெண் என்னைப் பார்த்ததும் வீலென்று கத்தினாள். கையை நீட்டினேன், ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "எங்கம்மா எங்க? எங்கம்மாவை வரச் சொல்லு" என்று என்னிடமே அழுதாள். எல்லோரும் சிரித்தோம். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கு வாயில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நானும் அண்ணனும் திண்டிவனம் போய்ப் போட்டோ எடுத்தோம். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "சர்க்கார் அட்டைக்கா? அப்ப தலையை மூடக் கூடாது" என்று போட்டோ பிடிக்கிறவர் முந்தானையை இறக்கச் சொன்னார். இறக்கினேன். நெற்றியில் இட்ட குங்குமம் போட்டோவில் கறுப்புப் புள்ளியாக விழுந்தது, மச்சம் மாதிரி. தாலி ரவிக்கைக்குள்ளே இருந்தது. அதை வெளியே எடுத்துப் போட வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மதராஸில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அந்த ஆபீஸ். அண்ணன் என்னோடு வந்தார். உள்ளே இருந்த அதிகாரி போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"மனுவில் புருஷனிடம் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நீ விதவை அல்லவா?"

அண்ணன் பதறிப்போய், "ஐயையோ, இல்லீங்க சார். ஆத்தாவுக்கு வேண்டிக்கிட்டு எறக்கினது" என்றார்.

"புருஷன் உயிரோடிருக்கிற ஸ்திரீ மொட்டை அடித்துக்கொள்வாளா? யாரிடம் கதை சொல்கிறாய்?"

"எங்க பக்கம் அடிப்பாங்க சார். ஆம்பளை, பொம்பளை எல்லாருந்தான்."

நான் தாலியை இழுத்து வெளியே காட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "தாலி கடையில் கிடைக்கிறது அம்மா" என்றார். அவர் வீட்டில் மொட்டைத் தலைப் பெண் என்றால் ஒரே அர்த்தம்தான். அவர் வீட்டு வழக்கத்தை வைத்து என்னைத் தீர்த்துவிட்டார். அங்காளம்மனை அவருக்குத் தெரியாது, அவரை அங்காளம்மனுக்குத் தெரியாது. நடுவில் நான் நின்றேன்.

செத்துப்போனவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யாராவது போய்விடுகிறார்கள், அதனால் விசாரிக்காமல் அட்டை கொடுப்பதில்லை என்று பிறகு கொஞ்சம் இறங்கி வந்து சொன்னார். "இதில் ஒரு போட்டோவை ரங்கூனுக்கு அனுப்பி உன் புருஷனையே கேட்கிறோம். இவள் என் மனைவிதான் என்று எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது."

இதைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரையே கேட்கிறார்கள் என்றால் வேறென்ன வேண்டும்? என்னை அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆபீஸ் வாசலில் அண்ணனிடம், "அந்த ஆளுக்கு மூஞ்சில கரி பூசற மாதிரி ஒரு பதில் வரும் பாரு" என்றேன்.

ஊருக்கு வந்ததும் அவருக்குக் கடிதாசி எழுத உட்கார்ந்தேன். முடி இறக்கிய விஷயத்தை எழுதுகிறேன் என்று தெரிந்ததும் அம்மா தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னாடி எழுதற? தூர தேசத்துல உசுரைக் கையில புடிச்சிக்கினு இருக்கறவனுக்குப் பொண்டாட்டி மொட்டை அடிச்சிட்டான்னு எழுதுவாங்களா? அந்த அபசகுன வார்த்தை அவன் வீட்டு வாசப்படி மிதிக்கலாமா?"

எனக்கும் பயம் வந்துவிட்டது. சௌக்கியம், சீக்கிரம் வருகிறேன், குழந்தை சௌக்கியம் என்று மட்டும் எழுதிப் போட்டேன். அந்தக் கடிதாசி அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே எனக்குத் தெரியாது. பதில் வரவில்லை. அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து தபால் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

காத்திருந்தேன். முடி முள்ளு முள்ளாக வந்தது, பிறகு காதை மூடியது, பிறகு கழுத்தைத் தொட்டது. தினமும் காலையில் கண்ணாடியில் பார்ப்பேன். கண்ணாடியில் இருக்கிறவள் கொஞ்சம் கொஞ்சமாக நானாகிக்கொண்டிருந்தாள். இந்த முகத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாமே என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஆபீஸ் சொன்னால் சொன்னதுதான் என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள்.

மறுபடி நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது. என்ன விஷயம் என்று அதில் இல்லை. வேறென்ன விஷயமாக இருக்கும்? தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டேன். ஊறுகாய் ஜாடியைத் துணியால் கட்டினேன். பெண்ணுக்குப் புதுப் பாவாடை போட்டேன். "நைனாகிட்ட போறோமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். திண்டிவனத்துக்கு பஸ் கிளம்பியபோது கோட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தனை அலட்சியம். இனிமேல் இந்த ஊர் எனக்கெதற்கு என்று நினைத்தேன்.

அதே அதிகாரி. என் கழுத்து வரை வளர்ந்த முடியைப் பார்த்தார். ஒரு காகிதக் கட்டைப் பிரித்து, என் போட்டோவை எடுத்து, கவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

"படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

போட்டோவின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. இந்த ஸ்திரீ என் சம்சாரம் அல்ல. இவளை நான் பார்த்ததில்லை. கீழே அவர் கையெழுத்து.

வேறு யாராவது எழுதியது என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. வார்த்தையைப் படிப்பதற்கு முன்னாலேயே எழுத்தை நான் கண்டுகொண்டேன். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. எனக்கு அ, ஆ போடச் சொல்லிக் கொடுத்த அதே கை.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. அண்ணன் சொல்லித்தான் தெரியும். பெண்ணை இழுத்து மேஜைக்கு முன்னால் நிறுத்தி, "இந்த மூஞ்சியைப் பாருங்க, இது அவர் மூஞ்சி இல்லியா? இப்ப எனக்கு முடி வந்துட்டுது, இப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று தரையில் விழுந்து கும்பிட்டேனாம். அதிகாரி நல்லவர்தான் என்று இப்போது நினைக்கிறேன். எழுந்து வந்து, "அம்மா, அவரே எழுதிக் கொடுத்த பிறகு நான் செய்ய எதுவும் இல்லை. ஆள்மாறாட்டம் என்று போலீஸுக்கு எழுத வேண்டியவன், எழுதாமல் விடுகிறேன். போய்விடு" என்றார். பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் நைனா என்ற வார்த்தையை எடுத்ததே இல்லை.

திரும்பி வந்து நான் எழுதாத கடிதாசி இல்லை. மொட்டை, வேண்டுதல், போட்டோ எல்லாவற்றையும் எழுதினேன். சபித்து எழுதினேன், கெஞ்சி எழுதினேன். வெட்டின முடி வளர்ந்துவிட்டது என்று ஒரு மயிர்க்கற்றையைக்கூட உள்ளே வைத்து அனுப்பினேன். பர்மாவுக்குச் சுதந்திரம் வந்தது, அப்புறம் அவர்களுக்குள்ளேயே சண்டை வந்தது, சட்டம் மாறியது. மனு எழுதுகிறவர் இனிமேல் அட்டை கிட்டை எதுவும் இல்லை என்று கைவிரித்துவிட்டார். ஒரு கடிதாசிக்கும் பதில் வரவில்லை.

சில நாள் அவர் பக்கம் நின்று பேசுவேன். ஐந்து வருஷம் பார்க்காத மனுஷர். சர்க்கார் ஆள் ஒருவன் வந்து ஒரு மொட்டைத் தலைப் பெண்ணின் போட்டோவை நீட்டி, விதவை போலிருக்கிறாள், உன் பெண்டாட்டியா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? பெற்ற பெண்ணே என்னைப் பார்த்து வேறு யாரோ என்று அழவில்லையா? என் அட்டையைத் திருடிக்கொண்டு யாரோ ஒருத்தி வரப் பார்க்கிறாள், தன் பெண்டாட்டியின் இடத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் எழுதினாரோ என்னவோ. மற்ற நாளில் எனக்கு இந்த நியாயமெல்லாம் பிடிக்காது. கண், மூக்கு, வாய் எல்லாம் அதில் இருந்தது. அவர் தினமும் பார்த்த முகம்தானே. வேண்டாம் என்று தோன்றியவருக்கு அந்தப் போட்டோ வாய்ப்பாகப் போய்விட்டது என்று நினைத்து, பாத்திரத்தைப் போட்டு உடைப்பேன். இரண்டில் எது என்று கடைசி வரை எனக்குச் சொல்ல ஆளில்லை.

தாலியை நான் கழற்றவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணிப் பேரப்பிள்ளைகளும் எடுத்தாயிற்று. செஞ்சி சந்தையில் பர்மாவிலிருந்து திரும்பியவர் என்று யாரையாவது காட்டினால் இப்போதும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். அவருக்கும் வயசாகியிருக்கும். பல்லெல்லாம் விழுந்து, முதுகு கூனி, ஒற்றை முடிகூட இல்லாத மொட்டைத் தலையோடு அவர் வந்து நின்றாலும், இவர் என் புருஷன் என்று நான் எழுதிக் கொடுப்பேன்.